சொன்னவருக்கு உரியதா, எடுத்தவருக்கு உரியதா?

எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளிலும் சீஜெப்புகளிலும், கட்டுரை எழுதி வா என்று சொல்வதைப் போலவே இன்று வீடியோ ஒன்று செய்து வா என்றும் சொல்கிறார்கள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஓடும் சிறு படம். தலைப்பை மாணவரே தெரிவு செய்யலாம். ஆனாலும் எமது பிள்ளைகள் பலர் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது ஒரே தலைப்பில்தான்: எங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஆசிரியருக்கும் அது பிடிக்கும். செலவும் இல்லை. ஒரு காலத்தில் தோளில் சுமந்து திரிந்த கமராவின் வேலையை இன்று சட்டைப் பையில் கிடக்கும் தொலைபேசி செய்துவிடுகிறது. பேட்டி காண ஆளைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. அம்மம்மா குசினியில் நிற்கிறார்.

இத்தனை இலகுவாக எல்லாம் அமைந்துவிடுவதால், திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. கமராவை எங்கே வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வர வேண்டும், குரல் தெளிவாக விழுமா, எந்தத் திகதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர் கொடுக்கும் தாளில் இருக்கும். அனுமதிப் படிவமும் இருக்கும். அதில் அம்மம்மா கையெழுத்தும் போட்டிருப்பார். சொல்லப்படப் போகும் கதை யாருக்கு உரியது என்பது மட்டும் அந்தத் தாளில் இராது.

இது என்ன கேள்வி, குடும்பக் கதை குடும்பத்துக்கு உரியது, பேரப்பிள்ளை கேட்டால் அம்மம்மா சொல்லாமல் விடுவாரா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. எமது வீடுகளுக்குள் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. சொந்தப் பேரப்பிள்ளை கையெழுத்துக் கேட்டு நின்றால் அது அந்நியத்தனமாகவே படும். "எடு பிள்ளை, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதிரையில் வந்து இருப்பார்கள். அந்தச் சம்மதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது யாருக்குக் கொடுக்கப்பட்ட சம்மதம்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் பாடசாலையும் இங்கே தேவையில்லை. பேத்தி எடுத்த படத்தில் அம்மம்மா 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றிப் பேசினார். வலிகாமம் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்த இரவு அது. இலட்சக்கணக்கான சனம், நெருக்கமான பாதை, கொட்டும் மழை. நடக்க முடியாத முதியவர்கள் பலர் அன்று வீடுகளிலேயே விடப்பட்டார்கள். இந்த அம்மம்மாவும் படுக்கையில் கிடந்த தன் மாமியாரை, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் கொஞ்சச் சோறும் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டவர். மறுநாள் யாரையாவது அனுப்பி ஏற்றலாம் என்று நினைத்தார். முடியவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாத இதனை, பேத்தி கேட்டபோது சொன்னார்.

பேத்தி நல்ல பிள்ளை. அழுதுகொண்டுதான் எடுத்தாள். படத்தின் இறுதியில் அந்த ஒரு நிமிடத்தை வைத்தாள். பின்னணியில் மெல்லிய வயலின். பெற்றோர் மாலை ஒன்றில் பாடசாலை மண்டபத்தில் படம் காட்டப்பட்டது. எல்லோரும் கண் கலங்கினார்கள். நல்ல புள்ளியும் கிடைத்தது. மண்டபத்தில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களில் ஒன்று, அம்மம்மாவின் கணவர் வழி உறவு. அம்மம்மா யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேத்தியிடம் ஒன்று மட்டும் சொன்னாராம்: "நான் உனக்குத்தானே பிள்ளை சொன்னனான்."

இதில்தான் விஷயம் இருக்கிறது. பத்திரிகைக்காரர் ஒருவர் ஒலிவாங்கியோடு வந்திருந்தால் அந்த அம்மா சொற்களை எண்ணிப் பார்த்துப் பேசியிருப்பார். அந்நியரின் முன்னால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேத்தியின் முன்னால் அந்தக் காவல் இல்லை. அவர் பார்த்துப் பேசியது தொலைபேசிக்குப் பின்னால் இருந்த முகத்தை. எனவேதான் எந்தப் பெரிய செய்தி நிறுவனத்துக்கும் கிடைக்காத ஒன்று ஒரு பதினாறு வயது மாணவிக்குக் கிடைக்கிறது. கிடைத்த வழி அன்பு. அன்பினால் கிடைத்ததை அவையில் வைக்கும்போது, பத்திரிகைக்காரருக்கு இருப்பதைவிடப் பெரிய பொறுப்பு அந்த மாணவிக்கு வந்து சேருகிறது. பயிற்சியோ மிகக் குறைவு. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மொன்றியாலிலேயே தொடங்கிய வழக்கு ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டு இங்கு வெளிவந்த 'விஸ் வெர்சா' என்ற சஞ்சிகை, சென்ற் கத்தரின் வீதியில் ஒரு கட்டிடத்தின் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைப் பிரசுரித்தது. பொது இடத்தில் எடுத்த படம். அசிங்கமாக அதில் ஒன்றும் இல்லை. விற்பனையானவை 722 பிரதிகள் மட்டுமே. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. தெரிந்தவர்கள் படத்தைக் கண்டு சிரித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். வழக்கு மேல் நீதிமன்றங்களுக்கு ஏறி, 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கியூபெக் மனித உரிமைச் சாசனம் காக்கும் அந்தரங்க வாழ்வுக்கான உரிமையில், தன் உருவத்தின் மீதான உரிமையும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். நட்டஈடு 2,000 டொலர். கூட்டத்தில் ஒருவராகத் தற்செயலாக விழுபவருக்கும் பொது வாழ்வில் இருப்பவருக்கும் இது அப்படியே பொருந்தாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஏழு நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விஷயம் அவ்வளவு இலகுவானதாக இருக்கவில்லை.

வீதியில் படம் எடுக்கப் போகும் மாணவர்கள் இந்த வழக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் நமது அம்மம்மா விஷயத்தில் சட்டம் உதவாது. அவர் கையெழுத்துப் போட்டவர். சட்டப்படி பேத்தியில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் ஏதோ பிழைத்துவிட்டது.

சரி, எப்படிச் செய்திருக்கலாம்? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கனடிய தேசியத் திரைப்படச் சபை 1956 முதல் மொன்றியாலைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கி வருகிறது. 1967இல் அச்சபை 'மாற்றத்துக்கான சவால்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வறுமையைப் பற்றி வறியவர்களைப் படம் எடுத்தால் போதுமா, அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேச வழி செய்ய வேண்டாமா என்பது அதன் அடிப்படை. அந்த ஆண்டில் கொலின் லோ என்ற இயக்குநர், நியூபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து போகோ என்ற தீவுக்குப் போனார். சுமார் 5,000 மீனவ மக்கள் சிறு சிறு கிராமங்களாகப் பிரிந்து வாழ்ந்த தீவு. மீன்பிடி தளர்ந்து போயிருந்தது. சனத்தை அங்கிருந்து எழுப்பி வேறிடங்களில் குடியேற்ற அரசாங்கம் எண்ணியிருந்தது. (எழுப்பிக் குடியேற்றுவது என்றால் என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.)

லோ அங்கே 27 குறும்படங்களை எடுத்தார். 'தீவின் பிரச்சினைகள்' என்று ஒரு பெரிய படமாக எல்லோரையும் வெட்டி ஒட்டாமல், ஒருவர் பேசினால் அவர் பேசியது ஒரு படம், ஒரு கலியாண வீடு என்றால் அது ஒரு படம் என்று தனித்தனியே வைத்தார். ஒருவரின் பேச்சுக்கு எதிராக இன்னொருவரின் பேச்சை நிறுத்தி வேடிக்கை காட்டவில்லை. அதைவிட முக்கியமானது, படங்களைக் காட்டிய ஒழுங்கு. பேசியவர்கள் முதலில் பார்த்தார்கள். வேண்டாம் என்றதை எடுத்துவிட அவர்களுக்கு இடம் இருந்தது. பிறகு தீவின் கிராமங்களில் காட்டினார்கள். ஒரு கிராமத்தார் இன்னொரு கிராமத்தார் என்ன நினைக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டார்கள். அதன் பிறகே, அவர்களது சம்மதத்துடன், படங்கள் அரசாங்கத்திடம் போயின. அமைச்சர்களின் பதிலையும் படம் பிடித்துத் தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். சனம் எழும்பவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, படகு கட்டி, அங்கேயே இருந்துவிட்டார்கள். படத்தினால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்வது மிகைப்படுத்தல். கூட்டுறவைக் கட்டியவர்கள் அந்தச் சனங்கள். ஆனால் தாங்கள் பேசியது தங்கள் கையை விட்டுப் போகவில்லை என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1969இல், அதே முறை மொன்றியாலுக்கு வந்தது. நகர மத்தியில் சென் ஜாக் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. அங்கே இயங்கிய குடிமக்கள் குழுவின் கையில், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த, தூக்கித் திரியக்கூடிய வீடியோக் கருவியைத் திரைப்படச் சபையைச் சேர்ந்த பொனி ஷேர் கிளைன், டொறத்தி எனோ என்ற இரு பெண்கள் கொடுத்தார்கள். படிக்காத மனிதர்கள் அதைப் பழகிக்கொண்டு வீதியில் இறங்கி அயலவரைக் கேள்வி கேட்டார்கள். பிலிம் என்றால் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். வீடியோ நாடாவை அந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பேசியவர் உடனே தன்னைப் பார்த்தார். எதை வைப்பது, எதை விடுவது என்று எடுத்தவர்களே கூடி இருந்து முடிவு செய்தார்கள். அன்றைக்கு அது புதுமை. இன்று அந்த வசதி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் அதைப் பாவிப்பது வேறு விதமாக. திருப்பிப் போட்டு அம்மம்மாவுக்குக் காட்டுவதற்கு முன், அது ஊருக்குப் போய்விடுகிறது.

நியூபவுண்ட்லாந்து என்றதும் எம்மவருக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, அந்த மாகாணத்தின் தென்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களைக் கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் கண்டு காப்பாற்றினார். அவர்களில் பலர் பின்னர் மொன்றியாலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். கரையேறியபோது, இந்தியாவிலிருந்து வந்தோம் என்று சொன்னார்கள். சில நாட்களில், கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து என்று வெளியாயிற்று. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு பல நாள் எழுதின. பொய் சொன்னார்கள் என்றார்கள். வந்த வழியைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நாட்கணக்காகக் கடலில் கிடந்து நனைந்த மனிதர்கள் சொன்ன சொல் அது. அன்றைய பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 30 வருடங்களுக்குப் பிறகு, 2016இல், அவர்களுள் சிலர் டோல்ற்றனைச் சந்தித்து நன்றி சொல்ல அங்கே போனார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அகதியாக வந்த ஒருவரின் கதைக்குள் இப்படிப்பட்ட மூலைகள் இருக்கும். முகவருக்குக் கொடுத்த காசு, யாருடைய கடவுச்சீட்டு, எந்த நாட்டில் எத்தனை மாதம், விசாரணையில் சொன்னது எது சொல்லாமல் விட்டது எது. அவற்றைச் சொல்வதா என்பதும், எப்போது சொல்வது என்பதும், அதைச் சுமந்தவர் தீர்மானிக்க வேண்டியவை. 155 பேரில் ஒருவர் இன்று தன் பேரனிடம் கப்பல் கதையை முழுதாகச் சொன்னால் பெரிய தீங்கு ஒன்றும் வராமல் இருக்கலாம். அண்மையில் வந்த ஒருவர் சொன்னால், அவருக்கோ ஊரில் இருக்கும் அவரது உறவுகளுக்கோ வரலாம். பேரனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தெரிந்தவர் பேசியவர் ஒருவரே.

இங்கே ஒரு மறுப்பு உண்டு. அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஊடகத்துறை படிக்கும் ஓர் இளைஞரிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். "அங்கிள், எல்லாரும் தங்களுக்குப் பிடிக்காததை வெட்டச் சொன்னால் கடைசியிலை மிஞ்சிறது சாமத்தியவீட்டு வீடியோதான்" என்றார். நன்றாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கும், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லாத படங்கள் எம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் உண்டு.

அவரது மறுப்பில் இன்னும் கனமான பகுதி ஒன்று இருக்கிறது. எமது கதைகளில் எமக்கே கசப்பானவை உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதைத் தன் ஒழுங்கையில் நின்று கண்ட ஒரு தாத்தா, அந்த அயல் குடும்பம் கையில் ஒரு பையோடு போனதைப் பேரனிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்த மாமா ஒருவர், "அதை எடுத்துவிடு, எங்கடை சனம் என்ன சொல்லும்" என்கிறார். எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். வெட்டும் உரிமை பேசியவருடையது. மாமாவுக்கு அது இல்லை, சங்கத்துக்கும் இல்லை, எமது சமூகத்தின் மானத்துக்கும் இல்லை. தாத்தா வைக்கச் சொன்னால் வைக்கத்தான் வேண்டும். அந்த உரிமையை அவருக்குக் கொடுப்பது அவர் வாயை அடைப்பதற்கும் ஊரார் அவர் வாயை அடைக்காமல் காப்பதற்கும் ஒருசேர வேலை செய்கிறது. எமது இளைஞர் இந்த இரண்டாவது பக்கத்தை யோசிக்கவில்லை.

அதேபோல, தான் சொன்னதை எடுத்துவிடச் சொல்ல அம்மம்மாவுக்கு உரிமை உண்டே தவிர, பேத்தி என்ன நினைக்க வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. தன் குரலில், தன் கருத்தாக, பேத்தி என்னவும் சொல்லலாம். வெட்டிய இடத்தை வெட்டாதது போல் மூடி ஒட்டவும் தேவையில்லை. "இந்த இடத்தில் அம்மம்மா கமராவை நிறுத்தச் சொன்னார்" என்று, அவர் சம்மதித்தால், ஒரு வரி போடலாம். அப்படி நிறுத்திய இடத்தைக் கண்ட பார்வையாளருக்கு, வயலின் வாசித்த இடத்தில் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் படுக்கையில் விடப்பட்ட அந்த மாமியார்? கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மருமகள் வெட்டிவிட்டால், அவர் அப்படி இறந்தார் என்பதே உலகத்தில் இல்லாமல் போகிறது. மருமகள் வைத்தால், அவர் ஒரு செம்புத் தண்ணீரோடு கிடந்த கோலம் முன்பின் தெரியாதவர்களின் முன்னால் வைக்கப்படுகிறது. அவரிடம் கேட்கவும் வழியில்லை. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. என்னால் சொல்லக்கூடியது, அந்த இரவில் அங்கே நின்ற ஒருவர்தான் இதைத் தீர்மானிக்கத் தகுதி உள்ளவர், அங்கே நிற்காத யாரும் அவரை அவசரப்படுத்தக்கூடாது என்பதே. பாடசாலைக்கு ஒப்படைக்கும் திகதி ஒரு மனிதரை அவசரப்படுத்தப் போதிய காரணம் ஆகாது.

வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சேர்ப்பதிலும் அநியாயம் உண்டு. அம்மம்மா வலிகாமத்தைப் பற்றிச் சொல்கிறார். திரையில் காட்டப் படம் இல்லை. பிள்ளை இணையத்தில் தேடுகிறது. தமிழர், யுத்தம் என்று போட்டால் ஆயிரம் படம் வரும். 1983இல் கொழும்பில் எரிந்த கடை ஒன்றும், 2009இல் முல்லைத்தீவுக் கரையில் எடுத்த படம் ஒன்றும் 1995இன் கதைக்குப் பின்னால் ஓடுகின்றன. மூன்றும் நடந்தவைதான். ஆனால் அந்த அம்மா எரிந்த கடையைக் காணவில்லை, முல்லைத்தீவில் நிற்கவும் இல்லை. காணாததற்கு அவரைச் சாட்சி ஆக்கிவிட்டோம். நாளைக்கு யாராவது ஒருவர் இந்தப் படம் அந்த வருடத்தினது அல்ல என்று கண்டுபிடித்தால், அம்மம்மா சொன்னதும் சேர்ந்தே பொய்யாகிப் போகும். படம் இல்லாவிட்டால் அவரது கைகளைக் காட்டலாமே. மரக்கறி வெட்டிக்கொண்டே அவர் பேசட்டும்.

மொழிபெயர்ப்பு இன்னொன்று. எமது பிள்ளைகள் பிரெஞ்சில் படிப்பவர்கள். 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின் கீழ் வளர்ந்த தலைமுறை. அம்மம்மா பேசும் தமிழின் கீழ் பிரெஞ்சு வரிகள் ஓட வேண்டும். "பெடியள் வந்து வெளிக்கிடச் சொன்னவை" என்கிறார் அவர். அகராதியைப் பார்த்து 'பையன்கள்' என்று போட்டால், பக்கத்து வீட்டுப் பொடியன்கள் வந்து கதவைத் தட்டினார்கள் என்று வகுப்பு நினைக்கும். 'பயங்கரவாதிகள்' என்று போட்டால், அவர் சொல்லாத தீர்ப்பை அவர் வாயில் வைத்தது ஆகும். 'போராளிகள்' என்றால் இன்னொரு தீர்ப்பு. கனடா 2006இல் புலிகள் இயக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்த பிறகு, இச்சொற்களின் பாரம் முன்போல் இல்லை. பெடியள் என்ற சொல்லில் இருந்த உறவும் பயமும் சலிப்பும் ஒன்றாக எந்தப் பிரெஞ்சுச் சொல்லிலும் இறங்காது. எனவே அம்மம்மாவிடமே கேட்க வேண்டும்: "அம்மம்மா, இதிலை யாரைச் சொல்லுறீங்கள்? இதைப் பிரெஞ்சிலை எப்பிடிப் போடட்டும்?" இந்த ஒரு கேள்வியே அரை மணி நேரப் பேச்சாக நீளும். அந்த அரை மணி நேரத்துக்காகவேனும் இப்படிப்பட்ட வேலைகளைப் பாடசாலைகள் கொடுக்கட்டும் என்று நான் விரும்புகிறேன்.

மொன்றியாலில் இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஸ்ரீவன் ஹை தலைமையில் 2007 முதல் 2012 வரை 'மொன்றியால் வாழ்க்கைக் கதைகள்' என்ற திட்டம் நடந்தது. யுத்தத்தாலும் இனப்படுகொலையாலும் இடம்பெயர்ந்து இந்நகருக்கு வந்த ஏறத்தாழ 500 பேரின் கதைகளைப் பதிவு செய்தார்கள். ருவாண்டா, கம்போடியா, ஹெயிட்டி சமூகத்தவரும் நாசிகளிடமிருந்து தப்பிய யூதரும் வெறுமனே பேட்டி கொடுத்தவர்களாக மட்டும் இருக்கவில்லை. அச்சமூகங்களிலிருந்து வந்தவர்கள் திட்டத்தை நடத்தும் குழுக்களிலும் இருந்தார்கள். அதன் ஒரு பகுதியாக, எலிசபெத் மில்லர் என்ற பேராசிரியையும் துணை நின்றவர்களும், அகதிகளாக வந்த இளைஞர்களைக் கொண்டே சிறு வீடியோக்களும் ஒளிப்படங்களும் வரைபடங்களும் செய்வித்தார்கள். 'பகிரப்பட்ட அதிகாரம்' என்று ஒரு சொல் அவர்களிடையே அடிபடும். மைக்கல் பிரிஷ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1990இல் எழுதிய நூலிலிருந்து வந்த சொல். பேசியவரும் கேட்டவரும் சேர்ந்தே அந்தக் கதைக்கு ஆசிரியர்கள் என்பது பொருள். அதேபோல் 2004இல் தொடங்கி, மொன்றியாலை மையமாகக் கொண்டு இயங்கும் வாபிகோனி மொபில், ஆதிக்குடி மக்களின் கிராமங்களுக்கு வாகனத்திலேயே ஒரு கலைக்கூடத்தைக் கொண்டுபோய், அங்குள்ள இளைஞர்களைப் படம் எடுக்க வைக்கிறது. எடுத்த படத்தை அந்தக் கிராமத்திலேயே காட்டுகிறார்கள்.

இவர்களிடமிருந்து நமது பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடியது பெரிய தத்துவம் அல்ல, கால அட்டவணைதான். மாணவர் போடும் திட்டத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு வாரம், படப்பிடிப்புக்கு ஒரு வாரம், தொகுப்புக்கு இரண்டு வாரம் என்று இருக்கும். அதற்குப் பிறகு ஒப்படைக்கும் நாள். அம்மம்மா பார்ப்பதற்கென்று ஒரு நாளும், அவர் பார்த்த பிறகு மாற்றுவதற்கென்று ஒரு வாரமும் அந்த அட்டவணையில் இல்லாவிட்டால், பார்க்க வைப்பது வெறும் சடங்காகிவிடும். நாளைக் காலை கொடுக்க வேண்டிய படத்தை இன்று இரவு காட்டினால் எந்த அம்மம்மாவும் பேத்தியின் புள்ளியைக் கெடுக்க மாட்டார். "நல்லாய் இருக்குது பிள்ளை" என்றுதான் சொல்வார். எனவே சம்மதம் உண்மையானதா என்பது, மறுத்தால் மாற்றுவதற்கு நேரம் இருந்ததா என்பதில் தங்கியிருக்கிறது. காட்டும்போது சின்னத் தொலைபேசியில் காட்டாமல், வீட்டுத் தொலைக்காட்சியில், வேறு யாரும் இல்லாத நேரத்தில் காட்டுவது நல்லது. யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போது சொல்ல வேண்டும்: வகுப்பில் முப்பது பேர், பெற்றோர் மாலையில் இத்தனை பேர், இணையத்தில் போட்டால் எல்லோரும். இணையம் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு, "பருத்தித்துறையிலை இருக்கிற உங்கடை தங்கச்சியும் பாப்பா" என்று சொன்னால் விளங்கும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். உருக்கமான காட்சிக்குப் புள்ளி போடும் வரை பிள்ளைகள் உருக்கத்தைத் தேடித்தான் போவார்கள். எடுக்காமல் விட்டதற்கும், எடுத்துவிட்டு விட்டுக்கொடுத்ததற்கும், அதன் காரணத்தை மாணவர் ஒரு பக்கத்தில் எழுதினால் புள்ளி உண்டு என்று வைத்தால் என்ன?

நமது கோயில்களில் அலங்காரம் நடக்கும்போது திரை போடுகிறார்கள். ஏன் மறைக்கிறீர்கள் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. திரை விலகும்வரை காத்திருக்கிறோம். மறைக்கும் துணிக்கும் படம் காட்டும் துணிக்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேடி நான் அலைவதில்லை.

இனி ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரும் மறப்பது. எட்டு நிமிடப் படத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்திருப்பார்கள். அந்த முழுப் பதிவு என்ன ஆகிறது? தொலைபேசியில் இடம் இல்லை என்று ஒரு நாள் அழிக்கப்படுகிறது. அல்லது பாடசாலைக் கணக்கில் கிடந்து, பிள்ளை படித்து முடித்ததும் கணக்கோடு சேர்ந்து போய்விடுகிறது. படத்துக்காகப் பேச வைத்தவரின் குரல் அது. அதன் பிரதி ஒன்று, வெட்டாமல், பேசியவரின் கையிலேயே இருக்க வேண்டும். எந்தத் திகதியில், எங்கே, யார் கேட்க யார் சொன்னது என்று எழுதி, யார் எப்போது திறந்து பார்க்கலாம் என்றும் அவரிடமே கேட்டு எழுதி வைக்கலாம். ஒருவர் இப்போதே பார்க்கட்டும் என்பார். ஒருவர் நான் போன பிறகு என்பார். இன்னொருவர், "இவளின்ரை பிள்ளையள் வளந்து கேட்டால் காட்டுங்கோ, அதுக்கு முன்னம் வேண்டாம்" என்பார். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒரு கடதாசியும், அவரது கையெழுத்தும், பதிவை வைத்திருக்க அலுமாரியில் கொஞ்ச இடமும் போதும்.